டாக்டர்களைப் பாஸ் போட்ட கழுத்து

சொக்கம்மாளின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துத் தேர்வில் தேறிய டாக்டர்கள் இன்று பல ஊர்களில் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட ஃபெயில் ஆனதில்லை என்று எர்ணாவூர் குடியிருப்பில் அவள் பெருமையாகச் சொல்லித் திரிந்த காலம் உண்டு. அப்போது அவளுக்குக் குரல் இருந்தது.

சாதாரணக் குரல் இல்லை அது. எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். டிரைவர் இறங்கி ஒரு டீ குடிக்கப் போனால் அந்த நேரம் பார்த்து வரிசை நகரும். பின்னால் இருப்பவன் ஹாரனை அழுத்திக்கொண்டே புகுந்துவிடுவான். அதனால் அங்கே சாப்பாடுதான் டிரைவரைத் தேடிப் போகவேண்டும். சொக்கம்மாள் ஒரு கையில் இட்லிப் பொட்டலங்கள் அடைத்த பையும் இன்னொரு கையில் வடகறித் தூக்குமாகக் காலையில் அந்த வரிசையோடு நடப்பாள். டிரைவர் உட்கார்ந்திருக்கும் கேபின் அவள் தலைக்கு மேலே எங்கோ இருக்கும். கண்ணாடி ஏற்றியிருக்கும். எஞ்சின் ஓடும். உள்ளே பாட்டு வேறு. “நாஷ்டா, நாஷ்டா” என்று அவள் கீழேயிருந்து ஒரு குரல் கொடுத்தால் அந்த லாரி மட்டுமல்ல, அதற்கு முன்னால் நிற்கும் லாரியிலும் கண்ணாடி இறங்கும். ஆந்திர டிரைவர்களுக்குத் தெலுங்கு. வடக்கத்தி டிரைவர்களுக்கு அவளே தைத்துக்கொண்ட ஓர் இந்தி.

கணவர் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் சுமை இறக்கியவர். அவர் இறந்த பிறகு இந்தக் குரலை வைத்துத்தான் மகள் மகிழினியைப் படிக்கவைத்தாள். மகிழினி இப்போது காலடிப்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள்.

கழுத்தில் கட்டி வந்தது மகிழினி பள்ளிக்கூடத்தில் இருந்தபோது. முதலில் எலுமிச்சை அளவு. வலி இல்லை, அதனால் கவலையும் இல்லை. மணலியைத் தாண்டியிருக்கும் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி எர்ணாவூரில் இலவச முகாம் போட்டது. அங்கே ஓர் இளம் டாக்டர் அவள் கழுத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் மூன்றாவது ஆளைக் கூப்பிட்டார். தன் கழுத்தைப் பார்த்து இத்தனை பேர் சந்தோஷப்படுவது சொக்கம்மாளுக்குப் புதிதாக இருந்தது.

“நல்ல கேஸ்மா நீங்க,” என்றார் ஒருவர்.

நல்ல கேஸ் என்றால் என்ன என்பது போகப் போகத் தெரிந்தது. அறுவை சிகிச்சையில் மேற்படிப்பு படிக்கும் டாக்டர்களுக்கு ஆண்டுதோறும் செய்முறைத் தேர்வு நடக்கும். வெளியூர்ப் பேராசிரியர்கள் வருவார்கள். படுக்கையில் உண்மையான நோயாளிகள் இருக்கவேண்டும். மாணவர் நோயாளியிடம் பேசி, தொட்டுப் பார்த்து, இன்ன நோய், இன்ன சிகிச்சை என்று சொல்லவேண்டும். அதற்கு, கைக்கு நன்றாகத் தெரிகிற கட்டி, கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற புடைப்பு உள்ள ஆட்கள் தேவை. அவர்களைத் தேடிப் பிடித்து வேனில் ஏற்றி வருவது கல்லூரியின் வேலை. வந்தால் பிரியாணி, கையில் கொஞ்சம் பணம், ஆபரேஷன் இலவசம் என்ற வாக்குறுதி. ஒரே ஒரு நிபந்தனை. ஆபரேஷன் பரீட்சைக்குப் பிறகுதான்.

ஒரு பரீட்சை முடிந்தால் அடுத்த பரீட்சை வந்துவிடும்.

எர்ணாவூரிலிருந்து போகும் அந்த வேனில் சொக்கம்மாளுக்கு நிரந்தரத் துணை இருவர். ஒருவர் குடலிறக்கம் வந்து, இருமினால் அடிவயிறு புடைக்கும் லோகநாதன். இன்னொருத்தி காலில் நரம்பு சுருண்ட ஜீனத். மூவருக்கும் தேர்வு நாள் என்றால் திருவிழா மாதிரி.

“மாமு, போன தபா உன்ன எத்தினி பேரு இருமச் சொன்னாங்க?” என்று ஜீனத் ஆரம்பிப்பாள்.

“ஏன் கேக்குற. இருமி இருமி டிபி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்க போலகீது.”

“யக்கா பரவால்ல. எச்சி முயுங்குன்னா முயுங்குது. சொகுசு வேல.”

“வாடி, நீ வந்து முயுங்கிப் பாரு,” என்பாள் சொக்கம்மாள். “வாயில எச்சியே வத்திப்போச்சு. அதுக்கு நடுவுல ஒருத்தன் பின்னாடி வந்து நின்னுகினு கயுத்த அமுக்குறான். கொல பண்ண வந்தவன் மாதிரி.”

டிரைவர் உட்பட வேனே சிரிக்கும்.

கூட்டிப்போகும் இளைய டாக்டர்கள் வழியிலேயே பாடம் எடுப்பார்கள். நம்ம காலேஜ் பசங்க திணறினால் மெதுவாகச் சொல்லிவிடுங்கள் என்பார்கள். யாருக்கு என்ன நோய், பேராசிரியர்கள் எதைக் கேட்டு மடக்குவார்கள், அதற்குப் பதில் என்ன என்பதெல்லாம் மூவருக்கும் சினிமா வசனம் போல மனப்பாடம். பொருள் தெரிந்தா சொன்னார்கள்? இல்லை. முந்தின மாணவன் திட்டு வாங்கியதைக் கேட்டு அடுத்த மாணவனுக்குச் சொன்னார்கள். அதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. வீட்டில் யாரும் டாக்டர் ஆகாத மனிதர்கள், வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகளைக் கைகொடுத்துக் கரையேற்றுகிறார்கள். தன் படுக்கைக்கு வருகிற மாணவனை அன்றைக்கு மட்டும் ‘நம்ம புள்ள’ என்பார்கள். மாலையில் வேனில் ஏறும்போது முதல் கேள்வி, “உன் புள்ள பாஸா?”

தப்பு செய்கிறோம் என்று அவர்களில் யாருக்கும் தோன்றியதில்லை. சொல்லிக்கொடுக்கச் சொன்னவர்களே டாக்டர்கள்தானே.

உதயா அப்படி வந்த ஒரு பிள்ளை.

அந்த ஆண்டு அவர் சொக்கம்மாளின் படுக்கைக்கு வந்தார். கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டார். பின்னால் நின்று கழுத்தைத் தடவினார். விரல் சில்லென்று இருந்தது. தூரத்தில் பேராசிரியர்கள் அடுத்த படுக்கையை முடித்துவிட்டு நகரத் தொடங்கினார்கள். கட்டி ஏறி இறங்குகிறதா என்று பார்க்க உதயா இன்னும் எச்சில் முழுங்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். முக்கியமான இடத்துக்கு அவர் விரல் போகவே இல்லை. அந்த இடத்தில்தான் போன ஆண்டு ஒருவன் மாட்டிக்கொண்டு அழுது, மயிரிழையில் தேறினான் என்பது சொக்கம்மாளுக்கு ஞாபகம் இருந்தது.

“நைனா,” என்றாள் உதடு அசையாமல். “கட்டி நெஞ்சுக்குள்ள எறங்கிக்கீது. அடி ஓரம் கைக்கு எட்டாது. அத்தச் சொல்லு.”

உதயா அதைச் சொன்னார். வெளியூர்ப் பேராசிரியர் தலையாட்டினார். நன்றாகக் கண்டுபிடித்திருக்கிறாய் என்று ஆங்கிலத்தில் பாராட்டியது சொக்கம்மாளுக்கே புரிந்தது. மாலையில் உதயா வேன் வரை வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்களாலதாம்மா,” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்தக் கையைப் பிடித்தபடி அவள் சொன்னதை ஜீனத் இன்றும் நடித்துக் காட்டுவாள்: “நீ நல்லா இரு நைனா. நாலு பேருக்கு நல்லா வைத்தியம் பாரு.”

உதயா பாஸான கையோடு அதே கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார்.

கட்டி வளர்ந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. லாரி வரிசையில் பாதி தூரம் நடந்தாலே நிற்கவேண்டியிருந்தது. மகிழினி கல்லூரிக்குப் போய்ச் சண்டை போட்ட பிறகு ஒருவழியாக நாள் குறித்தார்கள். செய்யவிருந்தது அனுபவமுள்ள ஒரு பெண் பேராசிரியர். குறித்த வாரத்தில் அவர் வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போய்விட்டார். வந்து செய்வார், காத்திருங்கள் என்றார்கள். அப்போதுதான் உதயா வார்டுக்கு வந்தார்.

“எதுக்கும்மா காத்திருக்கணும்? நானே பண்ணிடறேன். உங்க கழுத்து எனக்குத் தெரியாதா?”

சொக்கம்மாளுக்குக் கரும்பு தின்னக் கூலியா. உடனே சரி என்றாள். மகிழினிதான் இழுத்தாள்.

“ம்மா, இவரு இதுக்கு முன்னாடி இந்த ஆபரேஷன் தனியா பண்ணிக்கிறாரா?”

“இன்னாடி கேள்வி இது? பெரிய டாக்டர் பாஸு.”

“பாஸானா? கூட நின்னு பாத்திருப்பாரு. தனியா பண்ணாரான்னு கேக்குறேன். கேட்டுப் பாக்கலாமா?”

“போய்க் கேட்டுட்டு வராத. புள்ள மனசு இன்னாவும். நான் பாஸ் போட்ட ஆளுடி அவன்.”

மகிழினி கேட்கவில்லை. அதை நினைத்து அவள் இன்றும் பல்லைக் கடிக்கிறாள். கேட்டிருந்தாலும் யார் பதில் சொல்லியிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

ஆபரேஷன் நினைத்ததைவிட மிக நீண்டது. நடுவில் ஒருவர் உள்ளே ஓடினார். வெளியே வந்த உதயா, வலது பக்கக் கட்டியை முழுதாக எடுத்துவிட்டோம், நெஞ்சுக்குள் இறங்கியிருந்ததால் கொஞ்சம் சிரமம், இடது பக்கம் சின்னது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மயக்கம் தெளிந்த சொக்கம்மாள் மகளைப் பார்த்துத் தண்ணீர் கேட்டாள். மகளுக்கு உதடு அசைந்தது தெரிந்தது. சத்தம் வரவில்லை. காற்று மட்டும் வந்தது.

தொண்டையில் குழாய் விட்டதால் வீங்கியிருக்கும், சரியாகிவிடும் என்றார்கள். பிறகு, குரலுக்குப் போகும் நரம்பு கொஞ்சம் இழுபட்டிருக்கிறது, சரியாகிவிடும் என்றார்கள். பிறகு, சிலருக்குச் சரியாகாது என்றார்கள். இந்த மூன்றுக்கும் இடையில் மழைக்காலம் வந்து போனது.

லாரி வரிசையில் அவள் முதல் நாள் திரும்பிப் போனதை டில்லிபாபு என்ற டிரைவர் பார்த்தார். திருவொற்றியூர்க்காரர், அவள் கையால் பல வருடம் சாப்பிட்டவர். வழக்கம்போல அவள் கீழே நின்று வாயைத் திறந்தாள். எந்தக் கண்ணாடியும் இறங்கவில்லை. கேபின் கதவைத் தட்டினாள். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த வடக்கத்தி டிரைவர் பிச்சைக்காரி என்று நினைத்துக் கையை வீசி விரட்டினான். அடுத்த லாரி பின்னோக்கி உருண்டது. அவள் நிற்பது அந்த டிரைவருக்குத் தெரியாது. ஹோய் என்று கத்தினால் நிறுத்தியிருப்பான். டில்லிபாபுதான் குதித்து ஓடிவந்து அவளை இழுத்தார்.

“யக்கா, கொரலு கொடுக்க மாட்டியா? செத்திருப்ப.”

அவள் கழுத்தைக் காட்டினாள். தையல் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் டில்லிபாபு தன் உரிமத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு வரிசையில் இருந்தவர்களிடமெல்லாம் பேச ஆரம்பித்துவிட்டார். “இந்தா, இத்தப் புதுப்பிக்கப் போனா கண்ணு தெரியுதான்னு பாக்குறான். ஹார்பர் கிரேன் ஓட்றவனுக்கு டெஸ்ட் வெக்கிறான். நான் ஒரு வண்டிய இடிச்சா கம்பெனி ஒரு மாசம் உக்கார வெச்சிடுவான். கயுத்த அறுக்கறவன யாருப்பா டெஸ்ட் பண்றது?” எல்லோரும் ஆமாம் என்றார்கள். வரிசை நகர்ந்தது. அவரவர் வண்டிக்கு ஓடினார்கள்.

அதன் பிறகு சொக்கம்மாள் லாரிப் பக்கம் போகவில்லை. வீட்டிலேயே இட்லி சுட்டாள். ஜீனத்தின் மருமகள் எடுத்துப்போய் விற்றாள். அவளும் கத்துவாள், கீச்சென்று. “கோயிக் குஞ்சு மாதிரி கீது,” என்று சொக்கம்மாள் மகளின் காதில் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

மகிழினிக்குத்தான் அடங்கவில்லை. அவள் அந்த வார்டின் நர்ஸ் ஜானட்டைப் பிடித்தாள். ஜானட் அவள் மருந்துக் கடைக்கு வந்து போகிறவள், காசிமேட்டுப் பெண்.

“இதப் பத்தி உள்ள யாரும் பேசலயா சிஸ்டர்?”

“பேசுனாங்க. மாசா மாசம் ஒரு மீட்டிங் கீது. செத்தவங்க, ஆபரேஷன்ல கெட்டுப்போனவங்க, எல்லாத்தையும் பேசணும். செத்தவங்களப் பேசவே நேரம் பத்தல. உங்கம்மா கேஸு வந்தப்போ டீ வந்துடுச்சு. ‘இந்த ஆபரேஷன்ல இது நடக்கறதுதான்’னாங்க. அடுத்த கேஸு.”

“இதுக்கு முன்னாடி எத்தன பண்ணீங்க, யாரு கூட இருந்தாங்க, ஏன் ஒருத்தரக் கூப்பிடலன்னு ஒருத்தரும் கேக்கலயா?”

“நீ வேற. கேட்டா, ‘சார், நீங்க பண்ணதுல எத்தன போச்சு’ன்னு திருப்பிக் கேப்பாங்கல்ல. அதான் யாரும் யாரையும் கேக்கறதில்ல.”

“பாஸானப்புறம் திரும்ப யாருமே பாக்க மாட்டாங்களா? ரிட்டயர் ஆவற வரைக்கும்?”

ஜானட் மாத்திரை அட்டையைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னாள்: “டாக்டர் பதிவப் புதுப்பிக்க, கருத்தரங்குக்குப் போய் உக்காந்தா பாயிண்ட் கொடுப்பாங்க. பின்னாடி வரிசையில தூங்கினாலும் பாயிண்ட்தான். கத்தி பிடிக்கிற கையப் பாக்கறது அன்னிக்கி ஒரு நாளுதான். அந்தப் பரீட்சை அன்னிக்கி.”

அந்தப் பரீட்சையில் என்ன நடந்தது என்று மகிழினிக்குத் தெரியும். அவள் அம்மாவே ஊரெல்லாம் சொன்ன கதைதானே. அன்று இரவு அவள் அதை அம்மாவிடம் பேச ஆரம்பித்தாள். சொக்கம்மாள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

ஆபரேஷன் ஆன இரண்டாம் ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் உதயாவே போன் செய்தார். குரல் தேனாக இருந்தது. தொண்டைப் பிரிவில் ஒரு சின்ன ஆபரேஷன் இருக்கிறது. செயலிழந்த குரல் நாணை ஒரு துண்டு வைத்துத் தள்ளிவிட்டால் குரல் பெருமளவு திரும்பும். செலவு அதிகம், ஆனால் இவளுக்கு இலவசமாகச் செய்ய அவர் பேசி முடித்துவிட்டார். தேர்வுக்கு ஒருமுறை மட்டும் வந்துவிட்டுப் போகவேண்டும்.

சொக்கம்மாள் மறுபடியும் நல்ல கேஸ் ஆகியிருந்தாள். இடது பக்கத்தில் விட்டுவைத்த கட்டி வளர்ந்திருந்தது. கழுத்தில் கட்டியும் இருக்கிறது, குரலும் போயிருக்கிறது. கட்டி புற்றாகிக் கொஞ்சம் கொஞ்சமாக நரம்பைத் தின்றதா, அல்லது பழைய ஆபரேஷனில் ஒரேயடியாக நரம்பு போனதா? மாணவன் எதைச் சொல்லப்போகிறான்? இதைவிட நல்ல கேள்வி ஒரு பேராசிரியருக்குக் கிடைக்காது. இந்த நோயாளிதான் வேண்டும் என்று துறைத் தலைவரே சொல்லிவிட்டாராம்.

“போவாத,” என்றாள் மகிழினி.

“கொரலு வந்துட்டா?” என்றாள் சொக்கம்மாள். அதைச் சொல்லவே அவளுக்கு மூச்சு வாங்கியது.



தேர்வன்று வேனில் லோகநாதனும் ஜீனத்தும் இருந்தார்கள். யாரும் கேலி பேசவில்லை. லோகநாதன் மட்டும், “யக்கா, கொரலு வரட்டும், மொதல்ல என்னத் திட்டு,” என்றார்.

வார்டில் படுத்த பிறகு உதயா வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். முடி முன்நெற்றியில் கொஞ்சம் ஏறியிருந்தது. கையில் நல்ல கடிகாரம்.

“அம்மா, ஒண்ணே ஒண்ணு. குரல் எப்போ போச்சுன்னு கேப்பாங்க. மூணு மாசமா கொஞ்சம் கொஞ்சமா போச்சுன்னு சொல்லிடுங்க. அதுபோதும்.”

அவள் அவரைப் பார்த்தாள்.

“வெளியாளுங்க வர்றாங்க. யார் பண்ணது, எப்படிப் பண்ணதுன்னு தேவையில்லாம பேச்சு வளரும். உங்க ஆபரேஷனுக்கும் அது நல்லதில்ல. நான்தானே தொண்டைப் பிரிவுல பேசணும்.”

மென்மையாகத்தான் சொன்னார். போகும்போது போர்வையைக்கூடச் சரிசெய்துவிட்டுப் போனார்.

வந்த மாணவி ராமசெல்வி. தூத்துக்குடிப் பக்கம். கண்ணுக்குக் கீழே கருவளையம். நன்றாகத் தூங்கிப் பல நாள் ஆனது போல் இருந்தாள். திரைச்சீலையை இழுத்துவிட்டு அருகில் வந்து, “குரல் எப்பம்மா போச்சு?” என்றாள்.

 மூணு மாசம் என்று சொன்னால் இந்தப் பெண் புற்று என்று சொல்லும். அது தப்பான பதில். தப்பான பதில் சொன்னவர்கள் என்ன பாடு படுவார்கள் என்று அவள் பார்த்திருக்கிறாள். தன் படுக்கையில் யாரும் ஃபெயில் ஆனதில்லை. இந்தக் கணக்கை அவளால் விட முடியவில்லை. பெண்ணின் காதை அருகே இழுத்தாள்.

“ஆபரேஷன் பண்ணாங்கல்ல, கண்ணு முயிச்சப்பவே இல்ல கண்ணு. அப்பவே போச்சு. அத்தச் சொல்லு.”

ராமசெல்வி நிமிரவில்லை. “தெரியும்மா,” என்றாள்.

“இன்னா தெரியும்?”

“உதயா சார் நேத்தே சொல்லிட்டாங்க. உங்க கேஸு எனக்கு வரும்னு. மூணு மாசம்னு சொல்லணும்னு. நீங்களும் அதையே சொல்லிருங்கம்மா. போன தடவ என்னை ஃபெயிலாக்கிட்டாங்க. அப்பா ஊர்ல…” அவள் முடிக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள்.

பேராசிரியர்கள் வந்தார்கள். வெளியூர்க்காரர் வயதானவர், கண்டிப்பானவர். ராமசெல்வி ஒப்பித்தாள். தடங்கல் இல்லை. மூன்று மாதங்களாகக் குரல் மாற்றம் என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் வேகமாகப் போனாள். கிழவர் கையை உயர்த்தினார்.

“கழுத்துல பழைய தழும்பு இருக்கே. குரல் ஆபரேஷனுக்கு முன்னாடியா, அப்புறமா? எப்போ?” என்று மாணவியிடம் கேட்டவர், அவள் பதிலுக்குக் காத்திராமல் நோயாளி பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா. குரல் எப்போ போச்சு?”

உதயா கட்டிலின் கால்மாட்டில் நின்றார். ராமசெல்வி கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். மின்விசிறி கடகடவென்று சுற்றியது. பக்கத்துப் படுக்கையில் லோகநாதனை யாரோ இருமச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சொக்கம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். ஆபரேஷன்ல போச்சு சார், இவருதான் பண்ணாரு, என்றாள். கையை நீட்டி உதயாவைக் காட்டினாள். அவள் சொன்னது அதுதான். மூச்சை முழுதாக இழுத்து, கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னாள். கேட்டது காற்றுதான்.

கிழவர் காதைச் சாய்த்தார். “என்ன சொல்றாங்க?”

“மூணு மாசமா சார்,” என்றார் உதயா. “என்னைக் காட்டுறாங்க, நான்தான் வார்டுல பாத்துக்கறேன், நல்லா பாத்துக்கறேன்னு.”

கிழவர் சொக்கம்மாளைப் பார்த்துக் கனிவாகத் தலையசைத்தார். அவள் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள், மறுபடி சொன்னாள். அதற்குள் அவர் மாணவி பக்கம் திரும்பிவிட்டார். “சரி. மூணு மாசம்னா உன் மனசுல முதல்ல என்ன வருது?” ராமசெல்வி புற்று என்றாள். அதை எப்படி உறுதிசெய்வாய் என்று கேட்டார். சொன்னாள். நல்ல பதில்கள்தான், வேறொரு நோயாளிக்கு.

ராமசெல்வி தேறினாள். தேறிய மற்றவர்களைப் போல மாலையில் இனிப்பு எதுவும் கொண்டு வரவில்லை. வேன் நிற்கும் பக்கமே வரவில்லை. ஜீனத் வழக்கம்போல வாய் தவறி, “உன் புள்ள பாஸா?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். லோகநாதன் ஜன்னல் வழியாக மணலி உரத் தொழிற்சாலைப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

அதற்கடுத்த மாதம் சொக்கம்மாளும் மகிழினியும் தொண்டைப் பிரிவுக்குப் போனார்கள். அங்கிருந்த டாக்டர் இளம் பெண், புதிதாகச் சேர்ந்தவர். தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார். மரியாதையாகப் பேசினார்.

“வலது பக்க நாண் அசையல. ஆனா இப்போ துண்டு வைக்க முடியாதும்மா. மூணு மாசத்துல குரல் போயிருக்கு, இடது பக்கம் கட்டி இருக்கு. முதல்ல அதை எடுத்து என்னன்னு பாக்கணும். புற்று இல்லைன்னு தெரிஞ்சப்புறம்தான் குரலைப் பத்தி யோசிக்கலாம்.”

“மூணு மாசமா?” என்றாள் மகிழினி. “டாக்டர், ஆபரேஷன் பண்ண அன்னிக்கே போச்சு. கண்ணு முழிச்சப்போ நான் பக்கத்துல நின்னேன். வலது பக்கம்தானே அறுத்தாங்க, வலது பக்கம்தானே அசையல? ரெண்டு வருஷமா அலையறோம்.”

டாக்டர் குழம்பினார். “அப்படியா? ஆனா தேர்வு அன்னிக்கு வெளியூர் எக்ஸாமினர் கேட்டப்போ உங்கம்மாவே மூணு மாசம்னு சொன்னாங்களாமே. எல்லாருக்கும் முன்னாடி.”

மகிழினி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். சொக்கம்மாள் இல்லை என்று வேகமாகத் தலையாட்டினாள், உதடுகள் ஓடின. அறையில் ஏசி உறுமிக்கொண்டிருந்தது.

“இடது பக்கம் யாரு பண்ணுவாங்க?” என்று மகிழினி கேட்டாள். “அந்தப் பக்க நரம்பும் போனா என்ன ஆகும்?”

“ரெண்டும் போனா மூச்சுக்கே கஷ்டம். கழுத்துல ஓட்டை போட வேண்டி வரலாம். ஆனா அப்படி ஆகாது, பயப்படாதீங்க. உதயா சார் யூனிட்தான் பண்ணும். பழைய ஆபரேஷன் பண்ணவங்களே பண்றதுதான் நல்லது, அவருக்கு அந்தக் கழுத்து தெரியும். இருங்க, அவரையே கூப்பிட்டுக் கேட்டுடறேன், எப்போ போச்சுன்னு. குழப்பம் தீர்ந்துடும்.”

அவர் போனை எடுத்தார். மறுமுனையில் மணி அடித்தது, யாரோ எடுத்தார்கள். “சார், சொக்கம்மாள் கேஸ்… ஆமா சார், இங்கதான் இருக்காங்க… சரி சார், வாங்க.”

மகிழினி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். வரட்டும், நேரிலேயே கேட்டுவிடலாம் என்று இருந்தாள். அப்போது சொக்கம்மாள் அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். ஏதோ சொன்னாள். மகிழினிக்குக் கேட்கவில்லை. சொக்கம்மாள் குனிந்து, மகளின் காதில் வாயை ஒட்டவைத்து மறுபடி சொன்னாள்.

“வா, அவன் வர்றதுக்குள்ள போயிடலாம்.”

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. சொக்கம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்துக் கதவு வழியாக இறங்கினாள். பஸ் நிறுத்தம் வரை நிற்கவில்லை.